கால் அறிந்த ஊர்

பெங்களூரில் சைக்கிள் பழகியவர்களுக்குச் சமதளம் என்று ஒன்று கிடையாது. கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கும் பீடபூமி என்று பள்ளிப் புத்தகம் சொல்லும். கூடவே போட்டிருக்கும் படத்தில் பீடபூமியின் மேல்பக்கம் நேர்கோடாக இருக்கும். அதை வரைந்தவர் எங்கள் அல்சூர்ப் பக்கம் வந்து ஒரு நாளாவது மிதித்திருந்தால் அந்தக் கோட்டை அழித்திருப்பார். டிரினிட்டி சர்ச் மேட்டிலிருந்து கென்சிங்டன் ரோட்டில் இறங்கினால் ஏரிக்கரை வரைக்கும் பெடலுக்கு வேலையில்லை. திரும்பும்போது அதே ரோடு வட்டியும் முதலுமாக வசூலித்துவிடும். தொம்லூருக்குப் போகையில் இறக்கம், வீட்டுக்கு வருகையில் ஏற்றம். எந்தக் கடைக்குப் போனால் இறங்கித் தள்ளவேண்டும், எந்த நண்பன் வீட்டுக்குக் கையை விட்டபடியே போகலாம் என்ற கணக்கு எங்கள் தெருப் பிள்ளைகள் எல்லோருக்கும் மனப்பாடம். ஊரின் வரைபடத்தைக் கண்ணால் பார்ப்பதற்கு முன்பே முழங்காலால் படித்துவிட்டோம்.

எழுபதுகளின் கடைசி அது. சோமேஸ்வரர் கோயிலுக்குப் பின்னால் ஒரு சந்தில் வாடகை சைக்கிள் கடை இருந்தது. கடைக்காரரைத் தெருவே பாய் என்று கூப்பிடும். வாசலில் கால் வண்டி, அரை வண்டி, முக்கால் வண்டி, முழு வண்டி என்று உயர வரிசையில் நிற்கும். பின் மட்கார்டில் வெள்ளைப் பெயின்டில் கடைப் பெயரும் நம்பரும். புதுப் பையன் யாராவது வந்தால் பாய் மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்து, "யார் வூட்டுப் பையன்டா நீ?" என்பார். அப்பா பெயரைச் சொன்னால் போதும், நோட்டில் நேரம் குறித்துவிடுவார். அரை வண்டிக்கு மணிக்கு நாலணா. அது ஒருவன் கையில் இருப்பது அபூர்வம். அதனால் நாலு பேர் சேர்ந்து ஒரு வண்டி எடுத்து, ஆளுக்குக் கால் மணி என்று பங்கு போடுவோம். ஒருத்தன் ஓட்ட, மற்ற மூன்று பேரும் பின்னாலேயே ஓடுவோம். ஓட்டியதைவிட ஓடியதுதான் அதிகம். சந்தா கிடையாது, தலைவர் கிடையாது, ஆனாலும் நான் சேர்ந்த முதல் சைக்கிள் சங்கம் அதுதான்.

அப்பா விமானத் தொழிற்சாலையில் ஃபிட்டர். 1940இல் வால்சந்த் ஹீராசந்த் மைசூர் சமஸ்தானத்தின் துணையோடு தொடங்கிய எச்.ஏ.எல். அது. அல்சூரிலும் மர்ஃபி டவுனிலும் வட ஆற்காட்டிலிருந்து வந்து குடியேறிய தமிழ்க் குடும்பங்களில் வீட்டுக்கு ஒருவராவது ஏதோ ஒரு பொதுத்துறை ஆலையில் இருப்பார். எச்.ஏ.எல்., ஐ.டி.ஐ., எச்.எம்.டி., பெல், பெமல் என்று தொழிற்சாலைப் பெயரைச் சொல்லித்தான் மனிதர்களையே அடையாளம் சொல்லுவோம். 'எச்.எம்.டி. மாமா' ஒருவர் இருந்தார், அவர் நிஜப் பெயர் என்னவென்று எனக்குக் கடைசிவரை தெரியாது. கம்பெனி பஸ் இருந்தாலும் அப்பாவுக்குச் சைக்கிள்தான் சௌகரியம். வரும் வழியில் காய் வாங்கலாம், யாரையாவது பார்க்கலாம், ஷிஃப்டுக்கு மேல் நின்றாலும் பஸ் போய்விடும் என்ற கவலை இல்லை.

காலை ஷிஃப்டு நேரத்தில் ஏர்போர்ட் ரோட்டைப் பார்த்தவர்கள் மறக்கமாட்டார்கள். விடிந்தும் விடியாத வெளிச்சத்தில் ரோடு முழுவதும் சைக்கிள். கேரியரில் அலுமினிய டிபன் டப்பா, தலையில் குரங்குக் குல்லாய், கழுத்தில் மப்ளர். தமிழ், கன்னடம், தெலுங்கு, உருது, மலையாளம் எல்லாம் ஒரே வேகத்தில் உருண்டு போகும். தொம்லூர் இறக்கத்தில் எல்லோரும் மிதிப்பதை நிறுத்தும்போது அத்தனை ஃப்ரீவீலும் சேர்ந்து கிறுகிறுவென்று சத்தம் போடும். லாரிக்காரர்கள் ஓரமாக நிறுத்தி வழிவிட்டதைப் பார்த்திருக்கிறேன். ஜாகுவார் போர் விமானத்தைக் கோத்து முடுக்குகிற கைகள் அந்த ஹேண்டில்பார்களைப் பிடித்துக்கொண்டிருந்தன. விண்வெளித் துறையின் செயற்கைக்கோள் மையமும் இதே ஊரில்தான். 1981இல் வானேறிய ஆப்பிள் செயற்கைக்கோளை, இரும்பு குறுக்கிடாமல் சோதிப்பதற்காக மாட்டுவண்டியில் ஏற்றி நிறுத்திய படம் உலகம் முழுக்கப் போனது. எங்களுக்கு அதில் வியப்பு ஒன்றும் தோன்றவில்லை. விமானம் செய்கிறவர்கள் சைக்கிளில் வருகிற ஊரில் செயற்கைக்கோள் மாட்டுவண்டியில் வந்தால் என்ன?

அந்த ரோடு ஒரு நாள் நின்றுபோனது. 1980 டிசம்பர் 26ஆம் தேதி பெங்களூரின் பொதுத்துறை ஆலைகளில் வேலைநிறுத்தம் தொடங்கியது. பி.எச்.இ.எல். ஊழியர்களுக்கு இணையான சம்பளம் வேண்டும் என்பது கோரிக்கை. ஒன்றேகால் லட்சம் தொழிலாளர்கள், 77 நாட்கள். அம்மா அரிசியைக் குறைத்து ராகிக் களியைக் கூட்டினாள். அப்பா காலையில் வழக்கமான நேரத்துக்கு எழுந்து, ஷேவ் செய்து, பேன்ட் மாட்டிக்கொண்டு, போவதற்கு இடமில்லாமல் திண்ணையில் உட்கார்ந்திருப்பார். நாலைந்து நாள் அப்படி உட்கார்ந்தவர், பொங்கலுக்கு முன்னால் ஒரு நாள் சைக்கிளை வாசலில் தலைகீழாகக் கவிழ்த்துப் போட்டார்.

அது அம்பத்தூரில் செய்த ஹெர்குலிஸ். முருகப்பா குழுமத்தார் 1949இல் தொடங்கிய டி.ஐ. சைக்கிள்ஸ் கம்பெனியின் வண்டி. கம்பி பிரேக், செயின் முழுக்க மூடிய கவர், ஏறக்குறைய 20 கிலோ. அப்பா அதைத் துண்டு துண்டாகக் கழற்றி, பழைய பேப்பரில் வரிசையாக வைத்தார். கிராங்கிலிருந்து கோட்டர் பின்னை மரச் சுத்தியால் தட்டி எடுத்தார். வீல் நடுவிலிருந்து பால்ஸை ஒரு தட்டில் கொட்டி மண்ணெண்ணெயில் கழுவச் சொன்னார். ஒன்று தொலைந்தாலும் வண்டி ஓடாது என்று சொன்னதால், நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு கழுவினேன். கிரீஸ் தடவி, பால்ஸை ஒவ்வொன்றாக அதில் பதித்து, கோனை முடுக்கி, பிறகு கால் திருகு தளர்த்தினார். "ரொம்ப இறுக்கினா ஓடாது, ரொம்ப விட்டா ஆடும். நடுவுல ஒரு இடம் இருக்கு. அது கைக்குத் தெரியும், வாயால சொல்ல முடியாது" என்றார். ஸ்போக்ஸை ஒவ்வொன்றாக விரலால் சுண்டி, சத்தத்தை வைத்துக் கோட்டம் எடுத்தார். ஃபேக்டரியில் அவர் என்ன செய்கிறார் என்று எனக்கு முதல்முறையாக விளங்கியது அந்த வாசலில்தான்.

வண்டி தயாரானதும் என்னையும் தயார் செய்தார். ஏரிக்கரைப் பக்கம் மதராஸ் சாப்பர்ஸ் முகாமை ஒட்டிய ரோட்டில் மத்தியானத்தில் ஈ காக்கை இருக்காது. முழு வண்டியின் பாருக்கு மேல் எனக்குக் கால் எட்டாது. பாருக்கு அடியில் காலை நுழைத்துக் குரங்குப் பெடல். அப்பா சீட்டின் பின்பக்கத்தைப் பிடித்தபடி ஓடிவருவார். எல்லா அப்பாக்களும் பிடியை விடுவதுபோல அவரும் விட்டார், நானும் வழக்கம்போல விழுந்தேன். அவர் சொல்லிக்கொடுத்ததில் மற்ற அப்பாக்கள் சொல்லாத பாடம் ஒன்று உண்டு. ஏரியை நோக்கி இறங்குகிற இடத்தில் நிறுத்தி, "இங்க ஏன் வண்டி தானா போவுது?" என்று கேட்டார். "இறக்கம்பா" என்றேன். "யாருக்கு இறக்கம்? பள்ளத்துக்குப் போற வண்டியும் தண்ணியும் ஒரே வழியிலதான்டா போவும். நீ மிதிக்காம எங்க போறியோ, அங்கதான் ஏரி இருக்கும்."

அடுத்த மழைக்காலத்தில் அதைச் சோதித்துப் பார்த்தோம். மழை விட்டதும் வண்டியை எடுத்துக்கொண்டு, தெருவில் ஓடுகிற செந்நீருக்குப் பின்னாலேயே போவோம். எங்கள் தெருத் தண்ணீர் அல்சூர் ஏரிக்குப் போனது. ஏரி நிரம்பி வழிந்தால் சல்லகட்டா பள்ளத்தாக்கு வழியாகப் பெல்லந்தூர், அங்கிருந்து வர்த்தூர், அதற்கப்பால் தென்பெண்ணை. அதாவது ஓசூர், கிருஷ்ணகிரி, கடைசியில் கடலூர்ப் பக்கம் கடல். ஊருக்கு மேற்கே பசவனகுடிப் பக்கம் பெய்கிற மழைக்கு வேறு போக்கு. அது விருஷபாவதியில் இறங்கி, அர்க்காவதியில் கலந்து, காவிரிக்குப் போகிறது. ஊர் ஒரு நீர்பிரி மேட்டின் மேல் உட்கார்ந்திருக்கிறது. அதனால்தான் எங்கே திரும்பினாலும் ஏற்றமும் இறக்கமும். இதை எந்த வாத்தியாரும் எங்களுக்குச் சொல்லித்தரவில்லை.

ஏழாம் வகுப்பு, எட்டாம் வகுப்பு வந்தபோது ஞாயிற்றுக்கிழமைகள் எங்களுடையவை. கெம்பேகௌடர் பெயரால் வழங்குகிற நான்கு காவல் கோபுரங்களையும் ஒரே நாளில் சுற்றிவருவதுதான் அன்றைய பெரிய சவால். அல்சூர் ஏரிப் பக்கம் ஒன்று, லால்பாகில் ஒன்று, கெம்பாம்புதிக் கரையில் ஒன்று, மேக்ரி சர்க்கிளில் ஒன்று. நகரம் இதற்கு மேல் வளராது என்று அந்தக் காலத்தில் போட்ட எல்லை என்பார்கள். நாங்கள் சுற்றிய காலத்தில் 1981 கணக்குப்படி மக்கள்தொகை 29 லட்சம், எல்லைக் கோபுரங்கள் எல்லாம் ஊருக்கு நடுவில் வந்துவிட்டிருந்தன. லால்பாகில் கோபுரம் நிற்கிற பாறையின் வயது 300 கோடி ஆண்டு என்று அங்கே எழுதி வைத்திருப்பார்கள். எங்களுக்கு அது சைக்கிளைச் சாய்த்துவிட்டு வேர்க்கடலை தின்கிற பாறை. மேக்ரி சர்க்கிளிலிருந்து வீடு திரும்பும்போது பொழுது சாய்ந்துவிடும். டைனமோ இல்லாதவன் நடுவில், இருக்கிறவர்கள் முன்னும் பின்னும். லைட் இல்லாமல் மாட்டினால் போலீஸ்காரர் வால்வைப் பிடுங்கிக் காற்றை இறக்கிவிடுவார் என்ற பயம்.

பஞ்சர் ஆனால் பாயிடம் வரைக்கும் தள்ளிக்கொண்டு வரமுடியுமா? அதனால் அவரே எங்களுக்குப் பஞ்சர் ஒட்டச் சொல்லிக்கொடுத்துவிட்டார். டயரைக் கழற்றி, டியூபைத் தண்ணீரில் முக்கி, குமிழி வருகிற இடத்தில் பென்சிலால் குறித்து, உப்புத்தாளால் தேய்த்து, சொல்யூஷன் தடவி, அது காயும்வரை பொறுத்திருந்து ஒட்டவேண்டும். "ஈரத்துல ஒட்டினா பாதி வழியில விட்டுடும், தம்பி. காயட்டும்" என்பார். இப்படி எங்கள் வியாபாரம் போய்விடுகிறதே என்று அவர் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. வழியில் வேறு யாராவது செயின் அறுந்து நின்றால் நாங்களும் நின்று கை கொடுக்கவேண்டும் என்பது அவர் போட்ட ஒரே நிபந்தனை.

தொம்லூருக்கு அப்பால்தான் எங்கள் காட்டுப்பாதைகள் இருந்தன. முதலில் சொக்கநாதர் கோயில். ஹொய்சளர் காலத்துத் தமிழ்க் கல்வெட்டுகள் அங்கே உண்டு. தொம்லூரைத் தோம்பலூர் என்றும் தேசிமாணிக்கப்பட்டணம் என்றும் சொல்கின்றன. விரலை வைத்து எழுத்துக் கூட்டிப் பார்ப்போம், நாலில் ஓர் எழுத்துப் பிடிபட்டால் அதிகம். அதைத் தாண்டினால் மேய்ச்சல் நிலம், ராணுவப் புல்வெளி, ஒற்றையடிப் பாதை. பெல்லந்தூர்ப் பக்கம் நெருங்க நெருங்க வயலும் ராகிக் கொல்லையும் வரும். வரப்பில் சைக்கிள் ஓட்டுவது தனி வித்தை. முன் சக்கரத்தைப் பார்த்தால் விழுவாய், தூரத்தைப் பார்த்தால் போவாய். மாடு மேய்க்கிற பெரியவர் ஒருவர், "ஹுடுகரா, எல்லிகே?" என்று எங்கே போகிறோம் என்று கேட்பார். "கெரெகே, தாத்தா" என்று ஏரியைச் சொல்லிவிட்டுப் பறப்போம். ஏரியில் அப்போது மீன் பிடிப்பார்கள். அதே பெல்லந்தூர் ஏரியின் நுரை 2015இல் தீப்பற்றியது. 2018 ஜனவரியில் மறுபடி தீ மூண்டபோது அணைக்க ராணுவ வீரர்கள் வரவேண்டியிருந்தது. எங்கள் தெருத் தண்ணீர் போய்ச் சேருகிற இடம் அது என்று தெரிந்திருந்த எனக்கு, அந்தச் செய்தியை வேறு யாருடைய வீட்டு விஷயமாகவோ வாசிக்க முடியவில்லை.

1986 நவம்பரில் சார்க் மாநாடு பெங்களூரில் நடந்தது. தெற்காசியத் தலைவர்கள் நந்தி மலைக்குப் போனார்கள் என்று பேப்பரில் படம் வந்தது. பி.யூ.சி. படித்துக்கொண்டிருந்த எங்களுக்கு அது போதுமான அழைப்பு. ஊரிலிருந்து சுமார் 60 கிலோமீட்டர், உயரம் 1,478 மீட்டர். கியர் என்ற சொல்லையே மோட்டார் வண்டிக்கு மட்டும் உரியதாக நினைத்த காலம். நாலு பேர், நாலு கறுப்பு வண்டி, அம்மாக்கள் கட்டிக்கொடுத்த புளிசோறு. விடியலுக்கு வெகு முன்பே கிளம்பி, ஹெப்பால் ஏரிப் பனியில் ஒருவர் டைனமோ சத்தத்தை இன்னொருவர் கேட்டுக்கொண்டு போனோம். எலகங்காவில் டீ. தேவனஹள்ளியில் திப்பு பிறந்த கோட்டையைச் சுற்றி ஒரு நடை. அப்புறம் இரண்டு பக்கமும் திராட்சைப் பந்தல். மலையடியில் போகநந்தீஸ்வரர் கோயிலில் ஒரு கும்பிடு போட்டுவிட்டு ஏறத் தொடங்கினோம். முதல் இரண்டு வளைவு வரை வீராப்பு, பிறகு எல்லோரும் இறங்கித் தள்ளினோம். இறங்கும்போதுதான் சோதனை. கம்பி பிரேக்கை நம்பி அந்தச் சரிவில் விடமுடியாது. நாலைந்து வளைவுக்கு ஒருமுறை நிறுத்தி, சூடேறிய ரிம்மில் தண்ணீர் ஊற்றி, பிரேக் கட்டை மிச்சமிருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கிளம்புவோம்.

இரவில் வீட்டுக்கு வந்து கால் நீட்டி உட்கார்ந்தேன். அப்பா திட்டவில்லை. "மேல எப்படி இருந்தது?" என்றார். சொன்னேன். "அந்த மலையைச் சுத்தித்தான் பாலாறு பொறக்குது. நம்ம வாணியம்பாடிக்கு அங்கேர்ந்துதான் வரணும்" என்றார். வரணும் என்றுதான் சொன்னார், வருகிறது என்று சொல்லவில்லை. தென்பெண்ணையும் பாலாறும் அர்க்காவதியும் அந்த மலைப் பக்கம்தான் பிறக்கின்றன என்பதை அப்புறம் புத்தகத்தில் படித்து உறுதிசெய்துகொண்டேன். பாலாற்று மணலில் விளையாடி வளர்ந்த மனிதர், அதன் தலைமாட்டில் பிழைக்க வந்து, ஒரு தடவைகூட அந்த மலைக்குப் போனதில்லை. ஓய்வு பெற்றபின் பஸ்ஸில் கூட்டிப்போனேன்.

இன்று நந்தி மலைச் சாலையில் ஞாயிறு விடியற்காலையில் போய் நின்றால், ஹெல்மெட்டும் பளபளக்கும் உடையுமாக நூற்றுக்கணக்கானவர்கள் ஏறிக்கொண்டிருப்பார்கள். ஒருவரும் தள்ளுவதில்லை. 200 கிலோமீட்டரைப் பதின்மூன்றரை மணி நேரத்துக்குள் முடிக்கிற பிரெவே பயணங்கள், 2008இல் இங்கிருந்து தொடங்கிய நீலகிரிச் சுற்றுப்பயணம், கனகபுரா ரோடுப் பக்கம் துரஹள்ளிக் காட்டின் பாறைத் தடங்கள் என்று இந்த ஊரின் சைக்கிள் உலகம் பெரிதாகிவிட்டது. துரஹள்ளிக் காட்டைப் பூங்காவாக்கும் திட்டம் 2021இல் வந்தபோது எதிர்த்து நின்றவர்களில் சைக்கிள்காரர்களும் உண்டு. செயின் அறுந்தவனுக்கு நின்று உதவுகிற பழக்கமும் அவர்களிடம் இருக்கிறது. பாய் பார்த்திருந்தால் சந்தோஷப்பட்டிருப்பார்.

ஆனால் அந்த உலகத்தில் அரை வண்டியைக் காணோம். அங்கே இருப்பவர்கள் பெரியவர்கள். பலர் ஊருக்கு வெளியே போகும்வரை காரின் மேல் சைக்கிளைக் கட்டிக்கொண்டு போகிறார்கள். அவர்கள் பிள்ளைகள் அபார்ட்மென்ட் மதிலுக்குள் கார் நிறுத்துமிடத்தைச் சுற்றிச் சுற்றி ஓட்டுகிறார்கள், ஏற்றமும் இல்லாமல் இறக்கமும் இல்லாமல். இன்னொரு பக்கம், ராத்திரி ஷிஃப்டு முடிந்து திரும்புகிற காவலாளிகளும் கட்டடத் தொழிலாளர்களும் இன்றைக்கும் வெளிச்சமில்லாத ஓரத்தில் பழைய வண்டிகளை மிதித்துக்கொண்டு போகிறார்கள். அப்பாவின் ரோட்டுக்கு நிஜமான வாரிசுகள் அவர்கள்தான். சைக்கிள்காரர்கள் என்று யாரும் அவர்களைச் சொல்வதில்லை.

அரசு ஒன்றும் செய்யவில்லை என்று சொல்ல முடியாது. 2012இல் ஜெயநகரில் சைக்கிள் தடம் போட்டார்கள், கார்கள் நிறுத்த வசதியாகப் போயிற்று. 2013 அக்டோபரில் கப்பன் பார்க்கில் சைக்கிள் தினம் தொடங்கியது. அன்று மட்டும் பிள்ளைகள் ரோட்டுக்கு வந்தார்கள். 2020இல் வெளிவட்டச் சாலையில் தனித் தடம் பிரித்தார்கள், அதுவும் நிலைக்கவில்லை. வண்டிகளின் எண்ணிக்கை ஒரு கோடியைத் தாண்டிவிட்ட நகரத்தில், பெயின்டில் போட்ட கோட்டுக்கு யார் பயப்படுவார்கள்? நன்றாக நிலைத்தது ஒன்று உண்டு. எண்பதுகளில் வனத்துறை அதிகாரி எஸ்.ஜி. நெகின்ஹால் பொறுப்பில் நகரம் முழுக்க 15 லட்சம் மரங்கள் நட்டார்கள். கூண்டுக்குள் நின்ற அந்தக் கன்றுகளைத் தாண்டித்தான் நாங்கள் மிதித்தோம். இன்று உச்சி வெயிலில் சைக்கிளில் போகிறவனுக்கு நிழல் தருவது அவைதான். இந்த ஊர் மனம் வைத்தால் செய்யும் என்பதற்கு அந்த நிழலே சாட்சி.

பத்து வயதுப் பிள்ளை துணையில்லாமல் சைக்கிளில் போய்வர முடியாத ரோட்டை, எத்தனை கோடி செலவழித்து அகலப்படுத்தினாலும் நல்ல ரோடு என்று நான் ஒப்புக்கொள்ளமாட்டேன். அது மாறும்வரை பெற்றோர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். ஒரு ஞாயிறு விடியற்காலையில், ரோடு காலியாக இருக்கும் நேரத்தில், உங்கள் பிள்ளையோடு சைக்கிளில் கிளம்புங்கள். நந்தி மலைக்கெல்லாம் வேண்டாம். உங்கள் தெரு மழைத்தண்ணீர் எந்த ஏரிக்குப் போகிறதோ அந்த ஏரி வரைக்கும் போங்கள். வழியை நீங்கள் சொல்லவேண்டாம், மிதிக்காமல் வண்டி எந்தப் பக்கம் போகிறதென்று பிள்ளையே பார்த்துச் சொல்லட்டும்.